பாகூர் ஏரியும் பள்ளிச் செயல்திட்டமும்

கூட்டுழைப்பு என்னும் சொல்லைக் கேளாத மாணவர் எவரும் இலர். பேச்சுப் போட்டித் தலைப்புகளில் அது தவறாமல் இடம்பெறும். "கூடி வாழ்ந்தால் கோடி நன்மை" என்று தொடங்கி, எறும்பையும் தேனீயையும் எடுத்துக்காட்டி, கைதட்டல் பெற்று மேடையைவிட்டு இறங்கிவிடுவோம். அந்த மேடையில் நாம் பேசியதும் தனியாக. பரிசு பெற்றதும் தனியாக. கூட்டுழைப்பைப் பற்றிப் பேசுவதற்குப் பள்ளியில் பயிற்சி உண்டு. கூடி உழைப்பதற்கு எத்துணைப் பயிற்சி உண்டு என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா.

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் நாளை ஆசிரியப் பணிக்குச் செல்ல இருப்பவர்கள். ஆகவே, பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த ஒரு கிராமப் பள்ளியில் நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது நாங்கள் பதினால்வர் செய்த ஒரு செயல்திட்டத்தை நடுவாக வைத்து, அதனோடு தொடர்புடைய வரலாற்றுச் செய்திகளையும் அறிவியல் செய்திகளையும் இங்கே ஆராய முற்படுகிறேன்.

ஊரும் ஏரியும்

பாகூர் கல்விக்குப் புதிய ஊர் அன்று. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட செப்பேடுகள் பாகூரில் இருந்த ஒரு வித்யாஸ்தானத்தை, அதாவது உயர்கல்வி நிலையத்தைக் குறிப்பிடுகின்றன. அந்நிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்ட செய்தி வடமொழியிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. அச்செப்பேடுகள் இன்று பாரிஸ் நகரத் தேசிய நூலகத்தில் உள்ளன. நம் ஊர்க் கல்லூரியின் பத்திரம் கடல் கடந்து கிடக்கிறது என்று எங்கள் வரலாற்று ஆசிரியர் சொல்வதுண்டு.

செப்பேடு கடல் கடந்தாலும் கல்வெட்டுகள் ஊரிலேயே உள்ளன. மூலநாதர் கோயிற் சுவர்களில் சோழர் கல்வெட்டுகளும், கன்னரதேவன் என்று அழைக்கப்படும் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டுகளும் காணப்படுகின்றன. 949ஆம் ஆண்டுத் தக்கோலப் போருக்குப் பின் தொண்டை மண்டலத்தில் அம்மன்னனின் கை ஓங்கியிருந்ததற்கு நம் ஊர்க் கோயிலே சான்று கூறுகிறது. இக்கல்வெட்டுகளையும் புதுவைப் பகுதியின் ஏனைய கல்வெட்டுகளையும் பாகூர் சு. குப்புசாமி அவர்கள் தொகுக்க, கோ. விசயவேணுகோபால் அவர்கள் பதிப்பிக்க, 2006ஆம் ஆண்டிலும் 2010ஆம் ஆண்டிலும் இரு பகுதிகளாக வெளிவந்தன. ஊர் ஊராக அலைந்து தொகுத்தவர் ஒருவர். பாடத்தைச் சீர்செய்து உலக அறிஞர் முன் வைத்தவர் மற்றொருவர். கூட்டுழைப்புக்கு எறும்பைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இனி ஏரிக்கு வருவோம். புதுவைப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரியே. தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து புறப்படும் பங்காரு வாய்க்கால் அதற்கு நீர் கொணர்கிறது. வாய்க்காலின் தலைமாடு தமிழ்நாட்டிலும் கால்மாடு புதுவையிலும் இருக்கின்றன. பங்காரி, சிங்காரி என்னும் பெண்மணிகள் இருவரின் பெயரோடு இவ்வாய்க்காலை இணைத்துச் சொல்லும் கதையொன்று ஊரில் வழங்குகிறது. அதனைக் கதையாகவே கொள்க. ஆயினும் ஒரு வாய்க்காலுக்குப் பெண்பெயர் நிலைத்திருப்பதை எண்ணி நான் மகிழ்வதுண்டு.

பங்கீடு

எங்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் சேர்ந்து இந்தச் செயல்திட்டத்தை வகுத்தனர். ஏரிக்கு எவ்வளவு நீர் வருகிறது, ஏரியை முன்னாளில் யார் காத்தனர் என்னும் இரண்டு வினாக்களுக்கு ஒரே குழு விடை தேட வேண்டும். காலம், வடகிழக்குப் பருவமழை பெய்து வாய்க்காலில் நீர் ஓடும் கார்த்திகை, மார்கழி மாதங்கள்.

முதல் இரண்டு வாரங்களில் வேலை தானாகவே பிரிந்துகொண்டது. கையெழுத்து நன்றாக இருந்தமையால் குறிப்பெழுதும் வேலை என்னிடம் வந்தது. நீரில் இறங்குவதும் கழியூன்றுவதும் ஆண்பிள்ளைகளுக்கு. கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர் பெருக்கவும் வகுக்கவும். நன்றாகப் பேசுபவர் கண்காட்சியில் விளக்கம் சொல்ல. படம் வரைபவர் அட்டைக்கு. சற்றே பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்டோர் கயிறு பிடிக்கவும் பை தூக்கவும். பள்ளிகள் பலவற்றில் இவ்வாறு நடைபெறுகிறது என்பதை நண்பர்கள் அறிவர். வேலை விரைவாக முடிகிறது, அட்டைகள் அழகாக அமைகின்றன, பரிசும் கிடைக்கிறது. இதற்கே கூட்டுழைப்பு என்று பெயரிட்டுவிடுகிறோம்.

மூன்றாம் வாரத் தொடக்கத்தில் வரலாற்று ஆசிரியர் ஓர் எளிய காரியம் செய்தார். ஒவ்வொருவரிடமும் பக்கத்திலிருப்பவரின் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். நான் எழுதியிருந்த எண்கள் எவ்வாறு அளக்கப்பட்டன என்று பேச்சாளருக்குத் தெரியவில்லை. கழியூன்றியவருக்குத் தாம் அளந்த எண் எந்தக் கணக்கில் சென்று சேர்கிறது என்று தெரியவில்லை. பதினான்கு பேரும் பதினான்கு அறைகளில் இருந்தோம். கட்டடம் மட்டும் ஒன்று.

உத்திரமேரூர் தந்த வழி

அந்த வாரம் வகுப்பில் நடந்துகொண்டிருந்த பாடம் சோழர் காலத்து ஊராட்சி. முதலாம் பராந்தகன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தனர். அவ்வாறு எடுத்தவர்களைக் கொண்டு சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவை அமைந்தன. ஏரி வாரியத்துக்கு அறுவர். தேர்வுக்கு மதிப்பெண் பெறும் அளவுக்கு இவையெல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.

ஆனால் அக்கல்வெட்டின் உயிர்நாடி குடவோலையில் மட்டும் இல்லை; அதன் விலக்கு விதிகளிலும் இருக்கிறது. முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரலாகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் ஒருபோதும் வரலாகாது. ஒருவரே ஒரு பொறுப்பில் தங்கிவிடக் கூடாது, செய்ததைப் பிறர்முன் வைக்க வேண்டும் என்னும் இரு கருத்துகளும் பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டப்பட்டுள்ளன.

பாடம் நடக்கும்போது, எங்கள் குழுவில் கயிறு பிடித்துக்கொண்டிருந்த மாணவர் எழுந்து, "நமக்கும் குடவோலை போட்டால் என்ன சார்?" என்று பாதி விளையாட்டாகக் கேட்டார். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. ஆய்வகத்திலிருந்து ஒரு பெரிய பீக்கரை எடுத்துவரச் சொன்னார்.

அன்றுமுதல் சனிக்கிழமைதோறும் பீக்கரில் சீட்டுப் போட்டு வேலை எடுத்தோம். ஒரு வேலையை ஒருமுறை செய்தவர், மற்ற அனைவரும் அதைச் செய்து முடிக்கும்வரை மீண்டும் செய்யக் கூடாது. திங்கட்கிழமை காலையில் அவரவர் கணக்கை வகுப்பின்முன் படிக்க வேண்டும். ஏரி வாரிய விதியைச் சுருக்கி எங்கள் அளவுக்குத் தைத்துக்கொண்டோம் எனலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது வரலாற்றுக்கு முறையாகாது. உத்திரமேரூர்ச் சபை அனைவர்க்கும் உரியதன்று. வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதும் உடைய ஆடவருக்கே ஓலை. ஏரியில் மண் சுமந்தவர்களின் பெயர் அந்தக் குடத்தில் விழுந்திராது. என் ஆயாவின் பெயரும் விழுந்திராது. மேடைகளில் உத்திரமேரூரை மக்களாட்சியின் தொட்டில் என்று புகழ்வோர் இதனையும் சேர்த்துச் சொன்னால் பாடம் நிறைவாகும். எங்கள் பீக்கரில் பெண்பிள்ளைகள் ஆறு பேரின் சீட்டுகளும் இருந்தன. வாய்க்காலில் இறங்கும் சீட்டு எனக்கு வந்த சனிக்கிழமை, வீட்டில் அதற்கு இசைவு பெறுவதற்கு ஆசிரியர் ஒருமுறை நேரில் வர வேண்டியிருந்தது.

நீரோட்டத்தை அளத்தல்

அறிவியல் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். கூட்டுழைப்பு எங்கே இன்றியமையாததாகிறது என்பது அதில்தான் விளங்கும்.

வாய்க்காலில் ஒரு நொடிக்கு எவ்வளவு நீர் ஓடுகிறது என்று அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வளைவில்லாத ஓரிடத்தில் 10 மீட்டர் நீளத்தைக் கயிறு கட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். மேற்புறத்தில் ஒருவர் மிதவையை விடுவார். நாங்கள் பயன்படுத்தியது எலுமிச்சம்பழம். அது ஏறக்குறைய முழுவதும் மூழ்கி மிதப்பதால் காற்று அதனை அதிகம் தள்ளாது. முதற்கயிற்றைக் கடக்கும்போது ஒருவர் குரல் கொடுப்பார், இரண்டாம் கயிற்றைக் கடக்கும்போது மற்றொருவர் குரல் கொடுப்பார், மூன்றாமவர் கடிகாரம் பார்ப்பார், நான்காமவர் எழுதுவார், ஐந்தாமவர் பழத்தைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவருவார். இதனைத் தனியொருவர் செய்ய இயலாது. இரு கயிறுகளிலும் ஒரே நேரத்தில் ஒருவர் நிற்பது எங்ஙனம்?

பத்து மீட்டரைக் கடக்க 25 நொடி ஆயிற்று என்று கொள்வோம். நீர்ப்பரப்பின் வேகம் நொடிக்கு 0.4 மீட்டர். அடியிலும் கரையோரத்திலும் உராய்வு இருப்பதால் உள்ளே நீர் மெதுவாக ஓடும். ஆகவே 0.85ஆல் பெருக்கிச் சராசரி வேகம் 0.34 மீட்டர் என்று கொள்கிறோம். வாய்க்காலின் அகலத்தைச் சராசரி ஆழத்தால் பெருக்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு கிடைக்கும். பரப்பை வேகத்தால் பெருக்கினால் நீரின் அளவு கிடைத்துவிடும். கணக்கு அவ்வளவே. ஆனால் குரல் கொடுப்பவர் அரை நொடி தாமதித்தால் கடிகாரக்காரரின் எண் கெடும். அவர் எண் கெட்டால் எழுதுபவரின் ஏடு கெடும். கழியூன்றுபவர் சாய்த்து ஊன்றினால் எல்லாருடைய உழைப்பும் கெடும். ஒவ்வொரு வேலையையும் செய்து பார்த்த பின்னரே அடுத்தவரின் வேலைக்கு மரியாதை வந்தது. கடிகாரம் பார்ப்பது சோம்பேறி வேலை என்று எண்ணியிருந்தவர்கள், தம் முறை வந்தபோது கண்ணை இமைக்கவும் அஞ்சினர்.

இரு கழிகள்

ஒரு சனிக்கிழமை பதினால்வரும் எழுவர் எழுவராகப் பிரிந்து, வாய்க்கால் ஏரியில் சேரும் இடத்துக்கு அருகே, ஒரே இடத்தில் தனித்தனியே அளந்தோம். இரு குழுவின் விடையும் ஒத்துவந்தால் அளவு சரியென்று கொள்ளலாம் என்பது ஆசிரியரின் கருத்து.

வேகம் இரு குழுவுக்கும் ஒத்துவந்தது. ஆழம் ஒத்துவரவில்லை. வாய்க்காலின் அகலம் அங்கே 2 மீட்டர். முதற்குழுவின் சராசரி ஆழம் 42 சென்டிமீட்டர். இரண்டாங்குழுவின் சராசரி ஆழம் 67 சென்டிமீட்டர். முதற்குழுவின் கணக்கின்படி நொடிக்கு ஏறத்தாழ 286 லிட்டர் நீர் ஓடுகிறது. இரண்டாங்குழுவின் கணக்கின்படி 456 லிட்டர். ஒரே வாய்க்கால், ஒரே காலை வேளை.

அதன்பின் நிகழ்ந்தது மனத்துக்கு உவப்பானதன்று. நீங்கள் கழியைச் சாய்த்தீர்கள் என்றனர் இவர்கள். நீங்கள் நீரில் இறங்காமலே எண்ணை எழுதிக்கொண்டீர்கள் என்றனர் அவர்கள். எட்டாம் வகுப்புமுதல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவர் அன்று பேச்சை நிறுத்திவிட்டனர். எலுமிச்சம்பழத்தை யார் வாங்கிவந்தது என்பதுவரை பேச்சு போயிற்று. குழு அன்றே உடைந்து போயிருக்கக்கூடும்.

மதகுப் பக்கம் நின்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர், ஏரிப் பாசனத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர், இந்தச் சண்டையைக் கேட்டு அருகில் வந்தார். இரண்டு கழிகளையும் வாங்கி, தம் முன்னிலையில் ஊன்றச் சொன்னார். முதற்குழுவினர் கழியின் அடி சேற்றைத் தொட்டதும் நிறுத்தினர். இரண்டாங்குழுவினர் கெட்டித் தரை தட்டும்வரை அழுத்தினர். அவர் சிரித்துவிட்டு, "ரெண்டும் சரிதான் கண்ணு. இது இன்னைக்கித் தரை, அது எங்கப்பா காலத்துத் தரை" என்றார்.

67இலிருந்து 42ஐக் கழித்தால் 25. அது பிழையின் அளவன்று. வாய்க்காலில் படிந்திருந்த வண்டலின் பருமன். நீர் வண்டலுக்கு மேலேதான் ஓட முடியுமாதலால், ஓடும் நீரைக் கணக்கிட முதற்கழியே பொருந்தும். வண்டலைக் கணக்கிட இரண்டு கழிகளும் வேண்டும். ஒரு குழு மட்டும் அளந்திருந்தால், அல்லது ஒரு குழு மற்றதன் எண்ணைப் பார்த்துத் தன் எண்ணைத் திருத்தியிருந்தால், நாங்கள் வண்டலைக் கண்டிருக்கவே மாட்டோம். 2 மீட்டர் அகலமுள்ள வாய்க்காலில் 100 மீட்டர் நீளத்துக்கு இந்தப் பருமன் இருக்குமானால் 50 கன மீட்டர் மண்.

மறுவாரம் அந்தச் சேற்றில் ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் நீரோடு குலுக்கி வைத்தோம். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்கிற்று. வண்டல் இறங்கச் சில மணி நேரம் ஆயிற்று. களிமண்ணோ மறுநாளும் நீரைக் கலங்கலாகவே வைத்திருந்தது. ஆற்றில் விரைந்து வரும் நீர் வாய்க்காலின் கடைசியில் வேகம் தளர்ந்ததும் சுமையை இறக்கி வைக்கிறது என்பதைக் குடுவையே சொல்லிற்று. ஏரிக்கென ஒரு தனி வாரியம் அன்று எதற்கு என்னும் வரலாற்று வினாவுக்கும் அக்குடுவையில்தான் விடை கிடைத்தது. ஆண்டுதோறும் மண் இறங்கும். ஆண்டுதோறும் யாரேனும் அதனை எடுத்தாக வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகக்கூடிய வேலையன்று அது. பிரெஞ்சு ஆட்சியிலும் பாசனப் பராமரிப்புக்கென 'கேஸ் கொமுன்' என்னும் பொது நிதியமைப்பு புதுவைப் பகுதியில் இருந்தது. நம் காலத்தில் 1999ஆம் ஆண்டு தொடங்கி ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் புதுவைப் பகுதியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் நடைபெற்றபோது ஏரிச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. பெயர்கள் மாறினாலும் மண் மாறவில்லை.

பேச்சை நிறுத்திய இருவரும் குடுவையின் அருகே நின்று, மணலுக்கும் வண்டலுக்கும் இடையே கோடு எங்கே என்று மீண்டும் வாதிட்டனர். அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று அதனால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தேரும் முட்டுக்கட்டையும்

வில்லியனூர்த் தேரோட்டத்தை நண்பர்கள் பார்த்திருப்பர். பிரெஞ்சுக்காரர் காலந்தொட்டு ஆளுநரே வந்து வடம் பிடிக்கும் பெருமை அதற்குண்டு. வடம் பிடிப்போர் படத்தில் விழுவர். ஆனால் சக்கரத்தின் அருகே குனிந்து, உரிய நேரத்தில் முட்டுக்கட்டையைச் செருகித் தேரின் போக்கைத் திருப்புகிறவரைப் படம் பிடிப்பார் இலர். பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை. தேரில் அதுதான் வழி காட்டுவது. எங்கள் குழுவிலும் "இது எப்படி வந்தது?" என்று ஓயாமல் கேட்டு வேலையை நிறுத்தும் ஒரு தோழி இருந்தாள். அவளைத் தொல்லையென்று கருதியவர்கள், இரு கழிகள் நிகழ்ச்சிக்குப் பிறகு அவள் கேட்பதற்கு முன்பே ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டனர்.

வரலாற்றாய்வும் இத்தகைய கட்டையை வேண்டுவதே. நமக்கு அண்மையிலுள்ள அரியாங்குப்பம் கொம்யூனில், ஆற்றங்கரை அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அங்கே இந்திய மாணவர்கள் பலருக்கு அகழாய்வுப் பயிற்சி அளிக்கப்பட்டது. இத்தாலி நாட்டு அரிட்டைன் வகைப் பானையோடுகள் அங்கே கிடைத்ததைக்கொண்டு, அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடைத்த உள்ளூர்ப் பானையோடுகளுக்கும் காலம் வகுக்க முடிந்தது. ஓட்டைக் கண்டெடுத்தவரின் மகிழ்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். அது எந்த அடுக்கில் கிடந்தது என்று பொறுமையாகக் குறித்தவர் இல்லையென்றால், அந்த ஓடு அழகிய ஓடாக மட்டுமே இருந்திருக்கும்.

பிற இடங்களில்

குழுவாகச் செய்து கற்றல் நம் நாட்டில் எங்கோ ஓரிரு வசதியான பள்ளிகளுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டா. மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் எனப்படும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972ஆம் ஆண்டு 16 கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் நால்வர் நால்வராக அமர்ந்து, எளிய பொருள்களைக்கொண்டு சோதனை செய்து, தாங்கள் கண்டதைப் பிற குழுக்களோடு ஒப்பிட்டு முடிவுக்கு வருவார்கள். 1978இல் அது மாவட்டம் முழுவதற்கும் பரவிற்று. மாநில அரசு 2002ஆம் ஆண்டு அதனை நிறுத்தியது. முப்பதாண்டு நடந்த ஒரு முயற்சி என்ற அளவில், கல்வி பற்றி எண்ணுவோர் அதனை மறந்துவிடலாகாது. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993முதல் நடந்துவருகிறது. உள்ளூர்ச் சிக்கலொன்றைப் பிள்ளைகளே குழுவாக ஆராய்வது அதன் அடிப்படை. நம் பகுதியில் புதுவை அறிவியல் இயக்கம் அதனைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது.

இடர்களும் மதிப்பெண்ணும்

சுழற்சி முறையால் கேடே இல்லை என்று கூறுவேனாயின் அது உண்மையாகாது. வேலை மும்மடங்கு நேரம் பிடித்தது. ஒரு வாரத்துக் குறிப்பு எழுதியவருக்கே படிக்க முடியாமல் போய், அளவை மீண்டும் எடுக்க நேர்ந்தது. கணக்கில் கெட்டிக்காரர், தாம் ஐந்து நிமிடத்தில் முடிப்பதைப் பிறர் ஒரு மணி நேரம் செய்வதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பொதுத்தேர்வு நெருங்கும் பத்தாம் வகுப்பில் இம்முறையைக் கையாளுவது கடினம் என்பதே என் கருத்து. ஒன்பதாம் வகுப்பு அதற்கு ஏற்றது.

மதிப்பெண் வழங்குவது மிக நுட்பமான காரியம். அனைவருக்கும் ஒரே மதிப்பெண் என்றால் உழைத்தவர் மனம் வருந்தும். தனித்தனி என்றால் மீண்டும் பதினான்கு அறைகள். எங்கள் ஆசிரியர்கள் பாதி மதிப்பெண்ணைப் பொது ஏட்டுக்கு வைத்தனர். மறுபாதியை, ஒவ்வொருவரும் தாம் செய்யாத அன்றைய வேலையொன்றைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விக்கு வைத்தனர். அதனால், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தருவது தருமமாக இல்லாமல் தேவையாகவே ஆயிற்று. பி.எட். படிக்கவிருக்கும் நண்பர்கள் இம்முறையைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

கண்காட்சி நாளில் நடுவர் எங்கள் மேசைக்கு வந்தபோது, விளக்கம் சொல்லும் சீட்டு முன்னர்க் கயிறு பிடித்தவரிடம் இருந்தது. மேடையில் ஏறியே அறியாதவர் அவர். "அதென்ன 0.85? எங்கிருந்து வந்தது?" என்று நடுவர் கேட்டார். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேற்கையை வேகமாகவும் கீழ்க்கையை மெதுவாகவும் நகர்த்திக் காட்டி, "மேல ஓடுற தண்ணி ஓடுது சார், கீழ இருக்கிற தண்ணிய மண்ணு புடிச்சிக்குது. பழம் மேல ஓடுறத மட்டும்தான் சொல்லும். அதான் கொஞ்சம் குறைச்சிக்கிறோம்" என்றார். இதனைவிடத் தெளிவான விளக்கத்தை இன்றளவும் நான் எந்நூலிலும் படித்ததில்லை.

நடுவரின் தாளில் குழுத் தலைவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நாங்கள் பீக்கரைக் கொண்டுவந்தோம்.

வில்லியனூர்ப் பகுதிக்கு

பாகூர் ஏரியைப் பற்றி இவ்வளவு எழுதியதால் வில்லியனூர்க் கொம்யூன் நண்பர்கள் முகம் வாடவேண்டா. அவர்கள் பக்கத்தில் ஏறத்தாழ 800 எக்டேர் பரப்புள்ள ஊசுட்டேரி இருக்கிறது. புதுவையும் தமிழ்நாடும் பங்கிட்டுக்கொள்ளும் ஏரி அது. சங்கராபரணியாற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் அதற்கு நீர் தருகிறது. 2008ஆம் ஆண்டு அதன் புதுவைப் பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால், நீரளவோடு பறவைக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். பறவைகளை இரு குழுக்கள் தனித்தனியே எண்ணினால் எண்கள் நிச்சயம் ஒத்துவரா. அங்கே வேறொரு வண்டல் கிடைக்கும். சேதராப்பட்டு, கரசூர்ப் பக்கத்தில் கடல்வாழ் உயிர்களின் தொல்லுயிர்ப் படிமங்கள் கிடைக்கும் பாறைகள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நிலவியலார் தேடிவரும் இடம் அது. படிமங்களைப் பெயர்த்து எடுத்துவராமல், இருந்த இடத்திலேயே படமெடுத்து, எந்த அடுக்கில் எது என்று குறித்து வந்தாலே ஓராண்டுக்கு வேலை இருக்கும்.

எங்கள் குழுவின் ஏடு அப்பள்ளி ஆய்வக அலமாரியில் உள்ளது. எங்களுக்கு அடுத்து வந்த ஒன்பதாம் வகுப்பார் அதே இடத்தில் இரண்டு கழிகளையும் ஊன்றித் தங்கள் எண்களை எங்கள் எண்களுக்குக் கீழே எழுதியிருக்கின்றனர். அவர்கள் அளந்த வண்டல் 28 சென்டிமீட்டர்.